உதகை ரேடியோ தொலைநோக்கி

நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில் உள்ள வானியல் கருவி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் சுவரூப் தலைமையிலான குழு இதை அமைத்தது. 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை என்பதால், அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்து, கருவியை வடக்கு தெற்காக நிறுத்தினார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். மிக அழகான பொறியியல் முடிவு இது.

சில விண்மீன் பேரடைகள் ரேடியோ அலைகளை மிக வலுவாக உமிழ்கின்றன; அவற்றையும் இக்கருவி ஆராய்ந்தது. முன்னதாக 1953இல் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் வானாய்வகத்தில் ரோஜர் ஜென்னிசனும் வங்காளத்தைச் சேர்ந்த மிருணாள் குமார் தாஸ் குப்தாவும், சிக்னஸ் ஏ பேரடையின் ரேடியோ ஒளிர்வு அதன் இருபுறமும் இரு மடல்களாகப் பிரிந்திருப்பதைக் கண்டார்கள். நடுவிலுள்ள பெருங்கருந்துளையிலிருந்து பீறிடும் தாரைகளே அம்மடல்களுக்கு ஆற்றல் ஊட்டுகின்றன என்பது பின்னர் தெளிவானது.

தொலைதூரப் பேரடைகளின் கோண அளவை அறிய உதகைக் குழு நிலவைப் பயன்படுத்தியது. நிலவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது அலைவலிமை குறையும் விதத்தைப் பதிந்தால், மூலத்தின் இடமும் வடிவமும் சில வில்விநாடித் துல்லியத்தில் கிடைக்கும். இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலங்கள் அளக்கப்பட்டன. மங்கலான மூலங்கள் சராசரியாகச் சிறியவை என்று 1975இல் சுவரூப்பும் விஜய் கபாஹியும் காட்டினார்கள். தொலைவிலுள்ள மூலங்கள் கடந்த காலத்தைக் காட்டுவதால், பேரண்டம் என்றும் மாறாதது என்ற மாறாநிலைக் கொள்கைக்கு எதிரான சான்றாக அது அமைந்தது.