காசி மெட்ரிக்

படிப்பைப் பாதியில் விட்டவனைப் பற்றிப் பேசும்போது, "பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டான்" என்று சொல்கிறோம். சொல் வெகு பொருத்தம். அவன்தான் நிற்கிறான், பள்ளிக்கூடம் நிற்பதில்லை, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருக்கிறது. ஏழெட்டு வருஷம் கழித்து, ஓடிப் போய் அதைப் பிடிக்கலாம் என்று நினைத்தால், வயது என்கிறார்கள். முந்தைய வகுப்பில் தேறிய சான்று எங்கே என்கிறார்கள். இருபது வயது கடந்த பெண் பிள்ளை, பாவாடைச் சிறுமிகளோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியுமா? அவளுக்கு மூளை இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இப்படி நின்று, பிறகு ஓடிப் பிடித்தவர்களில் ஸ்ரீமதி துர்காபாயின் நினைவு எனக்கு அடிக்கடி வரும்.

1909-ல் ராஜமகேந்திரபுரத்தில் பிறந்தவர், வளர்ந்தது காக்கிநாடாவில். எட்டு வயதில் கல்யாணம். விவரம் தெரிந்தபின் அந்த பந்தம் வேண்டாம் என்று சொல்லி விலகிக்கொண்டார். ஒத்துழையாமை இயக்கத்தின் காற்று வீசிய காலம் அது. பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே படிக்க வேண்டும் என்று வந்ததும், "அப்படியானால் எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்" என்று வெளியே வந்துவிட்டார். வந்த பெண் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுக்கப் பாடசாலை ஒன்று வைத்தார். மாணவியாக இருக்க வேண்டிய வயதில் வாத்தியாரம்மா!

1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. கதர்க் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்ற இந்தப் பெண், டிக்கெட் இல்லாமல் வந்த ஜவாஹர்லால் நேருவை உள்ளே விட மறுத்துவிட்டார். டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வழி விட்டார். இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் இல்லை. அவருடைய பிற்காலத்துப் பிடிவாதம் முழுவதற்கும் இதிலேயே வித்து இருக்கிறது என்பதால் நானும் சொல்லி வைக்கிறேன்.

1930-ல் சென்னையில் உப்புச் சத்தியாக்கிரகம். அதன் பிறகு சிறைவாசம்: வேலூர், மதுரை. மதுரையில் தனிக் கொட்டடி. சிறையில் அவர் கண்ட பெண்கள் சுயராஜ்யத்துக்காக வந்தவர்கள் மட்டுமல்ல. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் இருந்தார்கள். தங்கள் மீது என்ன வழக்கு, கோர்ட்டில் என்ன சொன்னால் தப்பலாம் என்பது கூடத் தெரியாதவர்கள். வக்கீலாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது.

எண்ணம் பிறந்துவிட்டது, வழி? சட்டம் படிக்கப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு இண்டர். இண்டருக்கு மெட்ரிகுலேஷன். அதற்கோ இங்கிலீஷ். எதை வேண்டாம் என்று வெளியே வந்தாரோ அதையே இப்போது அரிச்சுவடியிலிருந்து பிடிக்க வேண்டியிருந்தது. பள்ளியை விட்டது பெரிய தியாகம் என்று புகழ்வது சுலபம். அதற்கு அவர் கொடுத்த விலை பத்து வருஷத்துக்கு மேல். புகழ்கிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அப்போது கைகொடுத்தது காசி ஹிந்து சர்வகலாசாலை. அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சையைப் பெண்கள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தும் எழுதலாம். இப்படி ஒரு விதியை எழுதி வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு நமஸ்காரம். துர்காபாய் அந்தப் பரீட்சையில் தேறினார், இண்டரும் முடித்தார். பிறகு வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலையில் பி.ஏ. ஆனர்ஸ் படிக்க மனுப் போட்டார். பெண்களுக்கு விடுதி இல்லை, சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. வேறொருவர் என்றால் அதோடு திரும்பியிருப்பார். இவரோ, விடுதியில்லாத காரணத்தால் சேர முடியாமலிருக்கும் பெண்கள் எழுதலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். கடிதங்கள் வந்தன. அந்தப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தாங்களே ஒரு விடுதியை நடத்தத் தொடங்கி, "இதோ விடுதி, இனிச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று போய் நின்றார். சேர்த்துக்கொண்டார்கள். 1942-ல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்று, வக்கீலாகத் தொழில் தொடங்கினார். வயது முப்பத்து மூன்று.

அரசியல் நிர்ணய சபை, திட்டக் கமிஷன் என்று பிற்பாடு வந்த பதவிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது மயிலாப்பூர்.

அங்கே 1937-ல் அவர் ஆந்திர மகிளா சபையைத் தொடங்கினார். முதலில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஹிந்தி படிக்க வந்தார்கள். பிறகு, இளம் வயதில் விதவையானவர்கள், கணவன் கைவிட்டவர்கள், பள்ளியை என்றோ மறந்துபோனவர்கள் எல்லோரும் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அவர் என்ன சொல்லிக்கொடுத்தார்? காசி மெட்ரிக்! தாம் நுழைந்த அதே வாசலைத்தான் காட்டினார். பெண்ணுக்குத் தையலும் ஊறுகாயும் போதும் என்று நினைத்த தர்மவான்கள் அன்று ஊரில் பலர். தையல் அங்கேயும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் ஊசியோடு அல்ஜிப்ராவும் இருந்தது.

1953-ல் மத்திய சமூக நல வாரியம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் துர்காபாய். அந்த வருஷம்தான் அவருக்கும் நிதி மந்திரி சிந்தாமண் தேஷ்முக்குக்கும் விவாகம் நடந்தது. வாரியத்தின் வேலைகளுக்குக் கிராமங்களில் ஆள் தேடியபோது ஒரு சங்கடம் எழுந்தது. கிராம சேவிகை, மருத்துவச்சி, உபாத்தியாயினி எல்லாம் வேண்டும். ஆனால் அந்தந்தக் கிராமத்தில் அவ்வளவு படித்த பெண் கிடையாது. பட்டணத்திலிருந்து அனுப்பினால் அவள் அங்கே தங்கமாட்டாள். ஆகவே 1958-ல் சுருக்கப் படிப்பு என்று ஒரு திட்டம் வந்தது. பள்ளி வயது தாண்டிய பெண்களை, கைக்குழந்தைக்காரியானாலும் சரி, சேர்த்து வைத்து, பல வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் நடத்திப் பரீட்சைக்கு அனுப்புவது. இரண்டே வருஷமா என்று தலையசைத்த கல்விமான்களுக்கு, மயிலாப்பூரில் நடத்திக் காட்டியாயிற்று என்பதுதான் பதில்.

துர்காபாய் 1981-ல் காலமானார். அந்தச் சுருக்கப் படிப்பு அவருக்குப் பின்னும் பல ஊர்களில் நடந்தது. காலையில் குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு, மத்தியானம் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்த பெண்கள் அதில் படித்தார்கள்.