சுவரில் ஒட்டிய பாஷாணம்

வீட்டுக் கூடத்தில் மாட்ட பச்சை ஓவியம், படுக்கையறைக்கு இலை டிசைன் வால்பேப்பர் என்று இப்போது எல்லாரும் தேடுகிறார்கள். மனசுக்கு இதம் என்கிறார் இன்டீரியர் டிசைனர். இருக்கட்டும். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் இதே பச்சை எப்படி வீட்டுக்குள் வந்தது, என்ன செய்தது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதன் குறிப்புகள் இவை.

முதலில் ஒரு விஷயம். நிலைத்து நிற்கும் நல்ல பச்சை அந்தக் காலத்தில் லேசில் கிடைக்காது. மஞ்சள் சாயத்தையும் நீலச் சாயத்தையும் சேர்த்துத்தான் பச்சை வரவழைத்தார்கள். வெயில் பட்டால் மஞ்சள் முதலில் வெளுத்துவிடும். ஐரோப்பிய மியூசியங்களில் இருக்கும் பழைய சுவர்த்திரைச் சீலைகளில் மரத்து இலையெல்லாம் நீலமாக இருப்பது இதனால்தான்.

1775-ல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் ஷீலே, செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு புதுப் பச்சை செய்தார். ஆர்சனிக் என்றால் நம்ம ஊர் வெள்ளைப் பாஷாணத்தில் இருக்கும் அதே சரக்கு. 1814-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் அதைவிடப் பளிச்சென்று ஒன்று வந்தது: மரகதப் பச்சை. 1836-ல் பிரிட்டன் வால்பேப்பர் வரியை நீக்கியது. விலை இறங்கியது. தோட்டம் இல்லாத வீடுகளுக்குள்ளும் இலையும் கொடியும் காகிதமாக நுழைந்தன.

1862-ல் கிழக்கு லண்டன் லைம்ஹவுஸில் ஒரே குடும்பத்தில் நாலு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். டிப்தீரியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தொற்றவில்லை. படுக்கையறைச் சுவரில் பச்சைக் காகிதம். ஆர்சனிக் இருப்பது சோதனையில் தெரிந்தும், விசாரணையில் இயற்கை மரணம் என்றே தீர்ப்பு வந்தது.

ஏன் நம்பவில்லை? எங்கள் தொழிலில் ‘ரீப்ரொட்யூஸ் ஆகாத பக்’ என்போம். ஒரு மெஷினில் வரும், பக்கத்து மெஷினில் வராது. இதுவும் அதே கதை. ஒரே காகிதம் ஒட்டிய ஒரு வீட்டில் நோய், இன்னொரு வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கிறார்கள். ஈரச் சுவரில் தொல்லை அதிகம் என்று மட்டும் தெரிந்தது. 1890களில் இத்தாலியரான பார்த்தலோமியோ கோசியோ, பூஞ்சை ஆர்சனிக்கை வாயுவாக மாற்றுவதைக் காட்டினார். அது ட்ரைமெத்தில்ஆர்சின் என்று 1930களில் ஃபிரடெரிக் சேலஞ்சர் கண்டுபிடித்தார். ஆனால் அந்த வாயு அப்படியொன்றும் கொடிய நஞ்சு இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். உதிர்ந்த நிறத்தூள் தூசியாக மூக்கிலும் வாயிலும் போனதுதான் பெரிய வழி என்பது என் எண்ணம். குழந்தைகள் சுவரைத் தொட்டுவிட்டு விரல் சூப்பும் இல்லையா?

நெப்போலியனையும் வால்பேப்பர்தான் கொன்றது என்ற கதை ரொம்பப் பிரபலம். செயிண்ட் ஹெலினா வீட்டுக் காகிதத்தில் ஆர்சனிக் இருந்தது உண்மை. 2008-ல் இத்தாலியில் அவர் முடியைச் சோதித்தார்கள். சின்னப் பையனாக இருந்தபோது எடுத்த முடியிலும் ஏறக்குறைய அதே அளவு ஆர்சனிக். ஆக, அந்தக் கதை எனக்கு ஒட்டவில்லை.

சந்தேகமே இல்லாமல் செத்தவர்கள் தொழிலாளர்கள். காகிதப் பூக்களில் மரகதப் பச்சைத் தூளைத் தூவும் வேலை பார்த்த மெட்டில்டா ஷூரர், 1861-ல் 19 வயதில் இறந்தார். வாந்தி பச்சை, கண்வெள்ளை பச்சை. இதைப் படித்த அன்று மேற்கொண்டு எதுவும் படிக்க ஓடவில்லை.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துபவர் வில்லியம் மோரிஸ். கைவினை, நேர்மையான உழைப்பு, பிறகு சோஷலிசம் என்று பேசிய பெரிய டிசைனர். குடும்பச் சொத்து வந்தது டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கத்திலிருந்து. முதலில் செம்பு, பிறகு ஆர்சனிக். உலகிலேயே பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்று. மோரிஸ் 1871 முதல் 1875 வரை அதில் டைரக்டர். 2003-ல் ஆண்டி மெஹார்க் என்ற ஆய்வாளர் மோரிஸின் ஆரம்பகால ‘ட்ரெல்லிஸ்’ வால்பேப்பர் துண்டைச் சோதித்தார். இலைப் பச்சையில் செம்பும் ஆர்சனிக்கும். 1885-லும் மோரிஸ் ஒரு கடிதத்தில், டாக்டர்கள் வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று கிண்டலடித்திருக்கிறார். சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளர்களைப் பார்த்ததாக எங்கும் நான் படிக்கவில்லை.

பிரிட்டன் இந்த வால்பேப்பரைத் தடை செய்து சட்டம் போடவே இல்லை. வாங்குபவர்கள் பயந்ததால் வியாபாரிகளே ‘ஆர்சனிக் இல்லாதது’ என்று விளம்பரம் செய்து மாறினார்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் கெட்ஸி என்ற வேதியியல் பேராசிரியர் வேறு வழி பிடித்தார். 1874-ல் 86 விஷ வால்பேப்பர் துண்டுகளை அப்படியே புத்தகமாகக் கட்டி, மிச்சிகன் மாநில நூலகங்களுக்கு 100 பிரதிகள் அனுப்பினார். எச்சரிக்கைப் புத்தகமே விஷம்! பெரும்பாலானவற்றை நூலகங்கள் அழித்துவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்றில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் செய்த பக்கங்களைப் பார்த்தேன். சில டிசைன்கள், சொன்னால் திட்டுவீர்கள், ரொம்ப அழகு.

மரகதப் பச்சை அதோடு ஒழியவில்லை. ‘பாரிஸ் கிரீன்’ என்ற பெயரில் உருளைக்கிழங்கு வண்டுக்கு மருந்தானது. டிடிடி வருவதற்கு முன், மலேரியா கொசுப் புழுவைக் கொல்ல இந்தியாவிலும் குளம் குட்டைகளில் அதைத் தூவினார்கள்.