உட்கார ஒரு நாற்காலி: டென்னிஸ் களைப்பை ஒப்புக்கொண்ட கதை



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஷட்டில் கோர்ட் ஓரத்தில் இரண்டு சிமெண்ட் பெஞ்சு போட வேண்டும் என்று கோரிக்கை வந்தபோது, "விளையாட வருகிறவர்களுக்கு உட்கார எதற்கு இடம்? அதற்குத்தான் வீட்டில் சோபா இருக்கிறதே" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம், நான் உட்பட. விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை உலகப் புகழ் பெற்ற விம்பிள்டனும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே போட்டிகள் தொடங்கியது 1877-இல். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது உட்கார்ந்து இளைப்பாற முதன்முதலில் நாற்காலி போட்டது 1975-இல். நடுவில் 98 ஆண்டுகள்! அதுவரை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நின்ற காலோடு எதிர்ப்பக்கம் போக வேண்டியதுதான்.

டென்னிஸ் தன் ஆட்டக்காரர்களின் களைப்பை எப்படி நடத்தியது என்பதை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் ஆட்டக்காரன் அல்ல. எண்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே எண்கள் கொஞ்சம் அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்த சாம்பியன்

ஆரம்ப காலத்தில் களைப்பு எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. விம்பிள்டனில் 1921 வரை ஒரு வழக்கம் இருந்தது. முந்தைய ஆண்டு வென்றவர் மறு ஆண்டு எல்லாச் சுற்றுகளிலும் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதி, கடைசியில் மிஞ்சுகிறவர் வந்து சாம்பியனைச் சந்திக்க வேண்டும். வந்தவர் பல ஆட்டங்கள் ஆடிய கால்களோடு வருவார். சாம்பியனோ புதிதாக இறங்குவார். வில்லியம் ரென்ஷா 1881 முதல் 1886 வரை தொடர்ந்து 6 முறை பட்டம் வென்றவர். அதில் பின்னைய 5 பட்டங்களுக்கும் ஆண்டுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு நேரில்லை என்பது தெரிகிறது அல்லவா? இந்த வழக்கத்தை 1922-இல் நீக்கினார்கள்.

112 கேம்கள்

அடுத்து 1969-க்கு வருவோம். அமெரிக்காவின் பாஞ்சோ கொன்சாலஸுக்கு அப்போது வயது 41. இளம் வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரராக மாறியதால், 1968 வரை அவருக்கு விம்பிள்டனில் இடமே இல்லை. ஒரு ஆட்டக்காரரின் நல்ல வயது முழுவதும் அப்படியே கழிந்துவிட்டது. முதல் சுற்றில் எதிரே நின்றவர் சார்லி பாசரல், வயது 25.

அந்தக் காலத்தில் டை-பிரேக் கிடையாது. இரண்டு கேம் முன்னிலை கிடைக்கும் வரை செட் போய்க்கொண்டே இருக்கும். முதல் செட் 22-24. பாசரலுக்குப் போயிற்று. இருட்டத் தொடங்கியது. நிறுத்தச் சொல்லிக் கேட்டார் கொன்சாலஸ், நடத்துகிறவர்கள் ஒப்பவில்லை. கோபத்தில் இரண்டாவது செட்டை 1-6 என்று இழந்து, கூட்டத்தின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு வெளியேறினார். மறுநாள் திரும்பி வந்து 16-14, 6-3, 11-9 என்று மூன்று செட்களையும் எடுத்தார். கடைசி செட்டில் மட்டும் 7 மேட்ச் பாயிண்டுகளைத் தடுத்தார். மொத்தம் 112 கேம், 5 மணி 12 நிமிடம். நாற்காலி வருவதற்கு இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன என்பதை மறந்துவிடாதீர்கள். 41 வயதுக்காரர் இத்தனையும் நின்றுகொண்டே முடித்தார்.

இப்படி முடிவில்லாமல் இழுக்கும் செட்களைப் பார்த்துச் சலித்த ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் நியூபோர்ட்டில் டென்னிஸ் புகழ்க் கூடத்தை நிறுவிய ஜேம்ஸ் வான் ஆலன். டை-பிரேக் அவர் மூளையில் உதித்ததுதான். 1970-இல் அமெரிக்க ஓப்பன் அதைக் கடைசி செட் உட்பட எல்லாச் செட்டுக்கும் கொண்டுவந்தது. 1971-இல் விம்பிள்டனும் ஏற்றது. ஆனால் கடைசி செட்டுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டது. "தீர்மானிக்கும் செட்டை ஆடித்தான் தீர்க்க வேண்டும்" என்பது அவர்கள் கொள்கை. அந்த ஒரு விலக்கின் விலை பின்னால் தெரிந்தது.

நம்மவர்கள் ஆடிய 327

டேவிஸ் கோப்பையில் டை-பிரேக் வந்தது 1989-இல்தான். அதற்கு முன், 1974-இல், கல்கத்தா புல்தரையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. நம் சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும், ஜஸ்ஜித் சிங்கும் அணியில் ஆடினார்கள். 3-2 என்று வென்றோம். ஐந்து ஆட்டங்களின் கேம்களைக் கூட்டிப் பார்த்தேன். 76, 80, 99, 33, 39. மொத்தம் 327. டேவிஸ் கோப்பை வரலாற்றிலேயே ஒரு மோதலில் ஆடப்பட்ட மிக அதிகமான கேம்கள் இவை. அந்த 99, சகோதரர்கள் ஆடிய இரட்டையர் ஆட்டம்: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4.

அடுத்து சோவியத் யூனியனையும் வென்று இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியோடு ஆட மாட்டோம் என்று நம் அரசு முடிவெடுத்ததால் கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. கொள்கை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் 327 கேம் ஓடிய கால்களை நினைக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

உடம்பு சொல்லும் கணக்கு

நீண்ட ஆட்டத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? தசைகளில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து கரைகிறது. வியர்வையோடு தண்ணீரும் உப்பும் போகின்றன. உடம்புச் சூடு ஏறுகிறது. முழங்கால் மடங்குவது குறையும்போது சர்வீஸின் வேகமும் குறியும் தவறத் தொடங்குகின்றன. பிறகு தசைப்பிடிப்பு. அது வரும்போது மன உறுதியெல்லாம் கேட்காது.

1984-இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் விக்கி நெல்சன், ஜீன் ஹெப்னர் என்ற இருவர் ஆடிய ஆட்டம் இதற்கு உதாரணம். இரண்டே செட்கள், 6-4, 7-6. ஆனால் 6 மணி 31 நிமிடம் ஆயிற்று. அதில் ஒரே ஒரு புள்ளிக்கு 29 நிமிடம். பந்து 643 முறை வலையைத் தாண்டியது. அந்தப் புள்ளி முடிந்ததும் நெல்சன் கால் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். எழுந்து வந்து ஆட்டத்தையும் வென்றார்.

1989 பிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங், உலகின் முதல் நிலை ஆட்டக்காரரான இவான் லெண்டலிடம் முதல் இரண்டு செட்களை இழந்து, அடுத்த இரண்டையும் வென்றார். அதற்குள் இரண்டு கால்களிலும் தசைப்பிடிப்பு. இப்போது நாற்காலி இருந்தது, ஆனால் உட்கார்ந்தால் எழ முடியாதோ என்று பயந்து, பக்கம் மாறும்போது நின்றுகொண்டே வாழைப்பழம் தின்றார், தண்ணீர் குடித்தார். ஒரு கட்டத்தில் விலகிவிடலாம் என்று நடுவரை நோக்கி நடந்தவர், பாதியில் திரும்பினார். மேலே தூக்கி அடிக்கக் கால் ஒத்துழைக்காததால் கீழ்க்கையால் ஒரு சர்வீஸ் போட்டார், லெண்டல் தடுமாறினார். 4 மணி 37 நிமிடத்தில் சாங் வென்றார். பட்டமும் அவருக்கே.

மூன்று நாள் ஆட்டம்

இனி 2010. நான் அப்போது வேலையில் இருந்தேன். அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கிளையில் வேறு பேச்சே இல்லை.

விம்பிள்டன் 18-ஆம் எண் கோர்ட். முதல் சுற்று. அமெரிக்காவின் ஜான் இஸ்னர், பிரான்சின் நிக்கோலா மஹூ. ஜூன் 22 அன்று நான்கு செட் முடிந்து ஆளுக்கு இரண்டு. இருட்டிவிட்டது. 23 அன்று ஐந்தாவது செட். பகல் 2 மணிக்குப் பிறகு தொடங்கியது, இரவு 9 மணிக்கு 59-59 என்று நின்றது. 47-47 வந்தபோது மின்னணு ஸ்கோர் போர்டே நின்றுபோனது. அதற்கு மேல் எண்ண அதற்குச் சொல்லித் தரவில்லை! எந்திரம் கை விட்ட இடத்தில் நடுவர் முகமது லஹ்யானி தொடர்ந்து எண்ணினார். அன்று மட்டும் ஏறக்குறைய 7 மணி நேரம் அந்த உயரமான நாற்காலியில் இருந்தார். ஆட்டக்காரர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் தள்ளிய எனக்கு அவர் மேல்தான் அதிக அனுதாபம்.

24 அன்று இஸ்னர் 70-68 என்று முடித்தார். மொத்தம் 11 மணி 5 நிமிடம், 183 கேம்கள். கடைசி செட்டுக்கு மட்டும் 8 மணி 11 நிமிடம். அதன் 138 கேம்களில் சர்வீஸ் போட்டவர் தோற்றது ஒரே ஒரு முறை, அந்தக் கடைசிக் கேமில். ஏன் அப்படி? சர்வீஸ் போட அதிகம் ஓட வேண்டாம். உயரமும் தோள் வலுவும் போதும். பதிலடி கொடுக்கத்தான் கால் வேண்டும், அந்தக் கால்கள் எப்போதோ போய்விட்டன. இஸ்னர் 113 ஏஸ், மஹூ 103 ஏஸ் போட்டது இதனால்தான். யாரும் யாரையும் வெல்ல முடியாத நிலைக்கு இருவரையும் களைப்பு கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இன்னொரு கணக்கு. தோற்றால் ஆட்டமே போய்விடும் என்ற நிலையில் மஹூ 64 முறை சர்வீஸ் போட்டுத் தப்பினார். 65-ஆவது முறை முடியவில்லை. மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் மஹூவுக்கு 502, இஸ்னருக்கு 478. அதிகம் எடுத்தவர் தோற்றார். எந்தப் பேரேட்டிலும் இப்படி ஒரு இருப்பு நான் பார்த்ததில்லை.

வென்றவர் கதை என்ன? மறுநாளே அடுத்த சுற்று. டீமோ டி பாக்கரிடம் 0-6, 3-6, 2-6. 74 நிமிடத்தில் முடிந்தது. முந்தைய ஆட்டத்தில் 113 ஏஸ் போட்டவருக்கு இதில் ஒன்று கூட வரவில்லை. நாங்கள் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு "என்ன மன உறுதி" என்று வியந்தோமே, அதன் செலவு இந்தக் கணக்கில்தான் விழுந்தது.

விதி மாறியது

இதற்குப் பிறகும் உடனே விதி மாறவில்லை. 2012 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டத்தில் ஜோகோவிச்சும் நடாலும் 5 மணி 53 நிமிடம் ஆடினார்கள். பரிசளிப்பில் பேச்சுகள் நீண்டபோது இருவராலும் நிற்க முடியவில்லை. வலையில் சாய்ந்தார்கள், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

2018 விம்பிள்டன் அரையிறுதியில் கெவின் ஆண்டர்சனிடம் இஸ்னர் 6 மணி 36 நிமிடம் ஆடித் தோற்றார். கடைசி செட் 24-26. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் ஆண்டர்சன் முதல் இரண்டு செட்களை 2-6, 2-6 என்று இழந்து, மூன்றிலேயே தோற்றார். அந்த ஆண்டே விம்பிள்டன் இறங்கி வந்தது. 2019 முதல் கடைசி செட்டில் 12-12 ஆனால் டை-பிரேக். 2022 முதல் நான்கு பெரிய போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனதும் 10 புள்ளி டை-பிரேக். 1970-இல் அமெரிக்க ஓப்பன் செய்ததை மற்றவர்கள் எட்டிப் பிடிக்க ஏறக்குறைய 50 ஆண்டுகள்.

டை-பிரேக் வந்தால் வேதனை தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. 1996 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் பீட் சாம்ப்ராஸ் ஐந்தாவது செட் டை-பிரேக்கின்போது கோர்ட்டிலேயே வாந்தி எடுத்து, அதன் பின் கொரேட்ஜாவை வென்றார். ஆனால் அதற்கு ஒரு எல்லை இருந்தது. இன்னும் சில புள்ளிகள்தான் என்று அவருக்குத் தெரியும். 59-59 என்று படுக்கப் போன இரண்டு பேருக்கு அது தெரியாது.

"அப்படியானால் 70-68 போன்ற அதிசயத்தை இனிப் பார்க்க முடியாதே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 18-ஆம் எண் கோர்ட்டின் வெளிச்சுவரில் அதற்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அது போதும் என்று இப்போது எனக்குப் படுகிறது.

நம் பெஞ்சு

கடைசியாக ஒரு ஒப்புதல். போன மே மாதம் காலை ஏழரை மணிக்கு, இளைஞர்களோடு மூன்றாவது கேம் ஆடிக்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார இடமில்லை. தரையில் உட்கார்ந்தால் "சார் முடிந்துவிட்டார்" என்பார்களே என்று ஆடினேன். இரண்டு நிமிடத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு வலைக் கம்பத்தைப் பிடித்தபடி சரிந்தேன். பிளாக்கின் பையன் ஒருவன்தான் பாதத்தை மடக்கிப் பிடித்து, உப்பு போட்ட மோர் வாங்கி வந்து கொடுத்தான். வீட்டில் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

ஒரு பெஞ்சு இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். பெஞ்சு கிடந்தால் உட்காருவதில் வெட்கம் இல்லை, எல்லோரும் உட்காருவார்கள். கூட்டத்தில் சிரித்தபோது இது என் நாக்கு நுனி வரை வந்தது, சொல்லத் துணிவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானம் மீண்டும் வரும்போது உங்கள் கையைத் தூக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விம்பிள்டனுக்கு 98 ஆண்டுகள் ஆயின. நமக்கு இரண்டு கூட்டம் போதும்.