மணல் கொட்டப்பட்ட எஞ்சின்கள்

அல்சூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் 1940இல் எழுந்த இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர், அது வடிவமைத்த விமானங்களையே பெரிதும் பேசுவர். 1948இல் அங்கு நடந்த பழுதுபார்ப்புக்கு அந்த வரலாற்றில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் அமெரிக்கா வழங்கிய பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் கைவிட்டது. வேறெவரும் பயன்படுத்தலாகாது எனக் கருவிகளை உடைத்தது. எஞ்சின்களில் மணலும் கொட்டியது. விமானம் ஒன்றுக்கு 14 சிலிண்டர் கொண்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் நான்கு. மணலோடு சுழற்றினால் சிலிண்டர்ச் சுவரும் பேரிங்கும் அரைபடும், எண்ணெய்வழிகள் அடைபடும். ஆகவே சாவி திருப்பிப் பார்க்கும் வேலை அன்று அது.

கான்பூரில் பறக்கும் அளவுக்கு மட்டும் தேற்றப்பட்ட விமானங்களை, சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழுச் செப்பனிடல் இங்கு நடந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைச் சீர்செய்து பழகிய பட்டறை இது. அப்பயிற்சியின்றி இம்முயற்சியை எண்ணிப்பார்க்கவும் இயலாது. நாற்பதுக்கும் மேற்பட்டவை மீண்டன. 1948 நவம்பரில் விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் இவற்றைக் கொண்டே அமைந்தது. 1968 வரை லிபரேட்டர்கள் பணியில் இருந்தன.

இக்கதையில் விமானியின் பெயர் நிலைத்திருக்கிறது. மணலைக் கழுவியெடுத்த மெக்கானிக்குகள் 'பணியாளர்கள்' என்ற ஒற்றைப் பன்மைக்குள் அடங்கிவிடுகின்றனர். பழுதைப் 'பார்ப்பதையே' சீராக்குதலுக்குப் பெயராக்கிய மொழியிலும் பார்த்தவர் பெயர் பதிவாகவில்லை.

பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் லிபரேட்டர், 1974இல் இந்தியா அளித்தது.