இருபத்தொன்பது வருஷம் லேட்!

சுதந்திரம் எப்போ கிடைச்சது? வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பொடியனைக் கேட்டாலும் 1947 ஆகஸ்ட் 15 என்பான். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் கேளுங்கள்... கணக்கு வேறு!

அங்கே பெரும்பான்மை, மலையாளிப் பழங்குடியினர். கேரளச் சம்பந்தம் கிடையாது, பேசுவது தமிழ்தான். வெள்ளைக்காரன் போன பிறகும் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார் வம்சங்கள் வைத்ததுதான் அங்கே சட்டம். வரியும் அவர்களுக்கே!

மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976 ஜூன் 25-ல். எமர்ஜென்சிக்கு அன்றைக்குச் சரியாக ஒரு வயசு! நாடே வாய்பொத்திக் கிடந்த நாளில், மலைக்கு மட்டும் விடுதலை.

அப்புறம்? 2024-ல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, ‘மலையில் அடிப்படை வசதி உண்டா?’ என்று உயர் நீதிமன்றமே தானாக வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. அசல் வந்தது, 29 வருஷ வட்டிதான் பாக்கி!