லலிதா தனியாக எழுந்து நிற்கவில்லை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினைந்து நிமிட வீடியோ அழைப்பு ஒன்றில் என் வேலை போனது. அப்போது நான் பார்சிப்பனியில் அப்பா அம்மா வீட்டில்தான் இருந்தேன். அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் வழக்கம்போல லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம் பையில் இருந்தது. போன இடம் ஊர் நூலகம். ஐந்து வாரம் இப்படியே ஓடியது.

காலையில் இரண்டு மூன்று வேலைகளுக்கு விண்ணப்பிப்பேன். பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். அப்படித்தான் ஒருநாள் லலிதாவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று அறியப்படுபவர் அவர். பொறியியலில் மாஸ்டர்ஸ் படித்த எனக்கு அதுவரை அவர் பெயர்கூடத் தெரியாது.

அ. லலிதா 1919 ஆகஸ்டில் சென்னையில், ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 1937இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு அப்போது வயது 18.

அந்தக் காலத்தில் கைம்பெண் என்றால் என்ன என்று உங்கள் பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். பல குடும்பங்களில் தலையை மழித்துவிடுவார்கள். நல்ல காரியங்களில் முன்னால் வரக்கூடாது. மறுமணம், படிப்பு என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. வாழ்க்கை 18 வயதிலேயே முடிந்ததாகக் கணக்கு.

லலிதா அந்தக் கணக்கை ஏற்கவில்லை. மேலே படித்து, சொந்தக் காலில் நின்று மகளை வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். மருத்துவம் படிக்கலாமா என்று யோசித்தார். ஆனால் மருத்துவரின் வேலை இரவு பகல் பார்க்காது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி? எனவே பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் அதுவரை ஒரு பெண்கூடப் பொறியியல் படித்ததில்லை. மகளுக்காகத் தந்தை கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். முதல்வர் ஒப்புக்கொண்டார். பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாத்தமும் அனுமதி தந்தார். 1940இல் லலிதா மின்பொறியியல் வகுப்பில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஆண்கள்.

வகுப்பு அவருக்குப் பயமாக இல்லை. விடுதியில்தான் தனிமை வாட்டியது. கல்லூரி மேலும் பெண்கள் சேர வழிசெய்தது. லீலம்மா ஜார்ஜ், பி. கே. த்ரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். த்ரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார். லலிதாவின் குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

படிப்பு முடிந்தபோது கிடைத்த பட்டச் சான்றிதழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் பட்டதாரி ஆண் என்றே அச்சடித்திருந்தது. பெண் ஒருத்தி வாங்குவாள் என்று யாரும் நினைக்கவில்லை அல்லவா? அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் பெண்பாலில் கையால் திருத்திக் கொடுத்தார்கள்.

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, பிறகு சென்னையில் தந்தையுடன் ஆராய்ச்சி என்று சில ஆண்டுகள் போயின. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்கடத்துப் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். சட்லெஜ் ஆற்றில் எழுந்த பக்ரா நங்கல் அணையின் மின் ஆக்கிகளுக்கான பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. கல்கத்தாவில் சகோதரரின் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அந்தச் சகோதரரின் மனைவி.

1964 ஜூனில், பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நம் நியூயார்க்கில் நடந்தது. பார்சிப்பனியிலிருந்து முப்பது மைல்தான். அதற்கு லலிதா வந்திருந்தார். 150 ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் கணவரின் சிதையில் தானும் எரிக்கப்பட்டிருப்பேன் என்ற பொருளில் அங்கே அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1977இல் ஓய்வு பெற்று, 1979இல், 60 வயதில் காலமானார்.

இதைப் படித்து முடித்ததும் 'எவ்வளவு தைரியசாலி!' என்றுதான் முதலில் தோன்றியது. மறுபடி படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. தந்தை, முதல்வர், கல்வி இயக்குநர், விடுதிக்கு வந்த இரண்டு தோழிகள், சகோதரரின் மனைவி. எண்ணிப் பாருங்கள், எத்தனை கைகள்! லலிதாவின் மன உறுதி பெரியது, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் தனியாக எழுந்து நிற்கவில்லை.

அவருக்கு ஒரு தலைமுறை முன்பே சகோதரி சுப்பலட்சுமி என்று ஒருவர் இருந்தார். சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். அவரையும் பெற்றோர் படிக்க வைத்தார்கள். 1911இல் பி.ஏ. முடித்து, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் ஆனார். அத்தோடு நிற்கவில்லை. தன்னைப் போன்ற சிறுமிகள் தங்கிப் படிக்க மெரினா கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸில் இல்லம் நடத்தினார். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம் அது! பேராசிரியர் தந்தை எல்லாச் சிறுமிக்கும் வாய்ப்பதில்லை. அப்படி யாரும் இல்லாதவர்களுக்குச் சுப்பலட்சுமியே கைகொடுத்தார்.

நான் மட்டும் ஒருவரிடமும் சொல்லாமல் நூலகத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் டிவியை அணைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "2001ல எனக்கும் வேலை போச்சு. நாலு மாசம். நீ அப்போ சின்னப்புள்ள. நானும் தினமும் டை கட்டிட்டு வெளில போயிட்டு வருவேன்," என்றார்.

அவர் மூலமாக அவருடைய பழைய நண்பர் ஒருவர், அவர் மூலமாக இன்னொருவர் என்று விசாரித்து, மூன்று மாதம் கழித்துக் கன்சல்டிங் வேலை கிடைத்தது. முன்பைவிடச் சம்பளம் குறைவுதான். ஆனால் அந்த மூன்று மாதமும் இரவில் தூக்கம் வந்தது.

நம் வீடுகளில் வெற்றியை வாட்ஸ்அப் குழுவில் உடனே போடுவோம். தோல்வியை அடுத்த அறைக்குக்கூடச் சொல்ல மாட்டோம். பரீட்சையில் கோட்டை விட்டிருக்கலாம், கல்லூரியில் இடம் கிடைக்காமல் போயிருக்கலாம், மனசு உடைந்திருக்கலாம். யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். அப்பாவிடம் முடியாவிட்டால் அத்தையிடம், ஆசிரியரிடம், நண்பனிடம். நாளைக்கு உங்களிடம் யாராவது வந்து சொன்னால், டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.