திண்ணைப் பள்ளியும் வீட்டுப் பாடமும்

ஆசிரியர் கொடுத்தனுப்பும் பாடத்தைப் பிள்ளை வீட்டில் படிக்கும்போதும் எழுதும்போதும் பெற்றோர் அதில் எவ்வளவு பங்கு கொள்ளலாம்? எல்லா நாட்டாருக்கும் பொதுவான இவ்வினா, இத்தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிறப்பாக உரியதாகும். 1858-இல் கைதிகளின் குடியேற்றமாகத் தொடங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரிலும், 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக இலங்கையினின்று தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் சிலர் குடியமர்த்தப்பெற்ற கச்சால் தீவிலும், நம்மவர் இல்லங்களில் பேச்சு தமிழாக இருக்கின்றது. பிள்ளைகள் பலருடைய புத்தகமோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கின்றது. தெரியாத பாடத்தில் நாம் என்ன துணை செய்ய இயலும் என்று ஏங்கும் தாய்மார் உளர். அத்தெரியாமையை மறைக்கப் பிள்ளையின்மேல் சினங்கொள்ளும் தந்தையரும் உளர். இவ்விரு சாராருக்கும் நம் கல்வி வரலாறு சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்களே கல்விக்கு நிலைக்களமாக விளங்கின. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கைக்கொள்ளும். மாணாக்கருள் மூத்தவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர் தொடர்ந்து சொல்லுவர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அப்பள்ளிகளைப் பற்றி எழுதியுள்ளவற்றில் சுவையான வழக்கம் ஒன்று காணப்படுகிறது. மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று சில பெயர்களைச் சொல்லியனுப்புவார். மறுநாட் காலையில் அவற்றைத் தவறாமல் வந்து சொல்லுதல் வேண்டும். மறந்துவிடுமோ என்று அஞ்சிய பிள்ளைகள் வீட்டிற்குச் சென்றவுடன் பெரியோரிடம் அப்பெயர்களைச் சொல்லி வைப்பார்கள்.

இதுவே அக்காலத்து வீட்டுப் பாடம். எழுத்தறிந்த தாய்மார் அந்நாளில் மிகச் சிலரே. ஆயினும் அப்பெயரைக் கேட்டு மனத்தில் வைத்திருந்து, காலையில் நினைவூட்டுவதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. அன்பும் கவனமும் இருந்தாற் போதும். பள்ளியில் மறுநாள் சொல்ல வேண்டியவன் பிள்ளையே என்பதையும் மறத்தலாகாது.

அதே சாமிநாதையரின் இளமை வரலாறு மற்றுமொரு படிப்பினையைத் தருகிறது. 1855-இல் பிறந்த அவருடைய தந்தையார் வேங்கட சுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர். தாம் வல்ல இசையை மகனும் பயில வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழின்மேல் வேட்கை மிகுந்தது. அத்தந்தையார் தமிழ் நூல்களைத் தாமே விரித்துப் பாடஞ்சொல்ல முற்படவில்லை; மகனை முற்றிலும் தம் வழிக்கே இழுக்கவுமில்லை. அரியலூர், குன்னம், செங்கணம் என்று, தமிழ் கற்பிப்பார் உள்ள ஊர்களைத் தேடி அவரை அழைத்துச் சென்றார். முடிவில் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டு சேர்த்தார். பொருள் வளமில்லாத அக்குடும்பத்திற்கு இஃது எளிய செயலன்று. பின்னாளில் சங்க நூல்கள் பல அச்சேறி நமக்குக் கிடைத்தமைக்கு அத்தந்தையின் நடையும் ஒரு காரணமன்றோ?

பெற்றோரின் பங்கை அரசே வரையறுக்க முயன்ற நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் உண்டு. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தார். நாளில் மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும். ஒரே பள்ளியில் இரு முறைகளாகக் கூடுதலான பிள்ளைகளைப் பயிற்றலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். உழவன் மகன் உழவனாகவே, வண்ணான் மகன் வண்ணானாகவே நின்றுவிடுவான் என்ற அச்சமே அவ்வெதிர்ப்பின் வேர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பெற்றது. தம் பிள்ளை தம்மினும் மேலோங்க வேண்டும் என்பதே அன்றைய எளிய பெற்றோரின் குரல். தாம் அறிந்த அளவே பிள்ளைக்கும் எல்லையாவதை அவர்கள் ஏற்கவில்லை.

அண்மைக் காலத்தில் வீட்டுப் பாடத்தின் சுமையே வழக்கு மன்றம் ஏறியது. 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் கூடாது என்று ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் இந்திய அரசும் அவ்வாறே மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் அறிவுறுத்தியது. ஆகவே இளங்குழந்தையை விளக்கின் முன் அமர்த்தி, அதன் கையைப் பிடித்து எழுதுவிக்கும் பெற்றோர் சற்றே சிந்தித்தல் நலம்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? பிள்ளையின் பாடத்தைப் பெற்றோர் தாமே எழுதித் தருவது, அப்பிள்ளையின் உணவைத் தாமே உண்பதற்கு ஒப்பாகும். பாடம் ஆங்கிலத்தில் இருந்தால் என்ன? “இன்று என்ன படித்தாய்? தமிழில் எனக்குச் சொல்” என்று நாள்தோறும் ஒருமுறை கேட்கலாம். தாய்க்கு விளங்கும்படி சொல்ல முயலும் பிள்ளைக்குப் பாடமும் தெளியும். தமிழும் நாவில் நிற்கும். கடல் கடந்து வாழும் நமக்கு இஃது இரட்டைப் பயன் அன்றோ? நமக்கு விளங்காத இடத்தில், வேங்கட சுப்பையரைப் போல், அறிந்தாரிடம் பிள்ளையை அழைத்துச் செல்வதில் நாணம் வேண்டா. பழைய சட்டாம்பிள்ளை முறையை ஒட்டி, மேல்வகுப்பு மாணவர் இளையோர்க்கு மாலைதோறும் துணைநிற்க நம் சங்கமும் ஓரிடம் அமைத்துத் தரலாம். அன்று திண்ணையிலிருந்து வந்த பிள்ளை சொன்ன பூவின் பெயரை நம் பாட்டிமார் பொறுமையுடன் கேட்டு வைத்தனர். அப்பொறுமை நம் இல்லங்களிலும் நிலைப்பதாக.